அனுப்பியாயிற்று, போய்ச் சேர்ந்ததா?
மின்னஞ்சலின் எடையும் முகவரியும் – வணிகர்களுக்கு ஒரு விளக்கம்



லாரியில் சரக்கு அனுப்பும்போது மூன்று காரியங்களை நாம் ஒருபோதும் விடுவதில்லை. மூட்டையை எடை போடுகிறோம். பெறுபவரின் பெயரும் ஊரும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். புக்கிங் ஆபீசில் ரசீது வாங்கிக் கொண்டு, மறுநாள் போன் போட்டுச் சரக்கு வந்ததா என்று கேட்கிறோம். ஆனால் அதே சரக்குக்கான கொட்டேஷனை மின்னஞ்சலில் அனுப்பும்போது இந்த மூன்றையும் மறந்து விடுகிறோம். பட்டனை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று எண்ணி விடுகிறோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி நம் மாவட்டத்தில் மளிகை வியாபாரம் செய்வோர் பலர். தொழிற்சாலை கேன்டீன்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா சாமான் கொடுக்கும் ஒப்பந்தங்களில் கொட்டேஷனை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வது இன்று சாதாரணமாகி விட்டது. ஆகவே மின்னஞ்சல் எப்படிப் போகிறது, ஏன் திரும்பி வருகிறது, யார் கண்ணில் எது படுகிறது என்பதைத் தெரிந்து கொள்வது தராசைப் பார்க்கத் தெரிந்து கொள்வது போல நமக்கு அவசியம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை

இப்படி வைத்துக் கொள்வோம். கவரைப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை நடத்தும் ஒருவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கு விலை கொடுக்க வேண்டும். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை 5 மணி. விலைப் பட்டியல், ஜிஎஸ்டி பதிவுச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாமாக ஆறு தாள்களைக் கைபேசியில் படம் எடுக்கிறார். மொத்தம் 9 எம்பி. தொழிற்சாலை ஏற்கும் அளவு 10 எம்பி என்று முன்பே கேட்டு வைத்திருக்கிறார். ஒன்பதுதானே என்று 4 மணிக்கு அனுப்புகிறார். திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வருகிறது. நிம்மதியாகக் கல்லாவுக்குத் திரும்புகிறார்.

சற்று நேரத்தில் ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. ஏதோ விளம்பரம் என்று அதைத் திறக்காமல் விட்டு விடுகிறார். திங்கட்கிழமை விசாரித்தால், “உங்களிடமிருந்து எதுவும் வரவில்லையே ஐயா” என்கிறார்கள். ஒப்பந்தம் வேறொருவருக்குப் போய் விட்டது. அவர் கொடுத்த விலை இவர் விலையை விட அதிகமாகக் கூட இருந்திருக்கலாம். ஆனால் இவர் விலையை யாரும் பார்க்கவே இல்லை.

இதில் நடந்த தவறு என்ன? 9 எம்பி என்பது நிகர எடை. சர்வர் பார்ப்பது மொத்த எடை.

சாக்கோடு சேர்த்த எடை

சர்வர் என்பது நமக்காக மின்னஞ்சலை வாங்கி, அனுப்பி, பெட்டியில் போட்டு வைக்கும் கம்ப்யூட்டர். ஊருக்குத் தபால் நிலையம் எப்படியோ, மின்னஞ்சலுக்கு சர்வர் அப்படி.

ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் அஞ்சலை ஒப்படைக்கும் முறையை 1982இல் அமெரிக்காவின் ஜான் போஸ்டல் விதிமுறையாக எழுதி வெளியிட்டார். அந்த முறை ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றை மட்டுமே சுமக்கும்படி அமைந்தது. படமோ, பாட்டோ, தமிழ் எழுத்தோ அதில் நேராகப் போக முடியாது. 1992இல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் ‘மைம்’ என்ற விதிமுறையைக் கொண்டு வந்தார்கள். படத்தையும் கோப்பையும் ஆங்கில எழுத்துகளாக உருமாற்றிக் கட்டி அனுப்புவது, அந்தப் பக்கம் போனதும் பிரித்துப் பழைய உருவத்துக்குக் கொண்டு வருவது என்பதுதான் அந்த ஏற்பாடு. கடிதத்தோடு கோப்பை இணைத்து அனுப்ப இன்றும் இதுதான் வழி.

இப்படிக் கட்டும்போது எடை ஏறுகிறது. மூன்று எழுத்து இடம் பிடிக்கும் சரக்கு நான்கு எழுத்தாக மாறுகிறது. மேலும் 76 எழுத்துக்கு ஒரு தடவை வரியை முடிக்கும் குறி இரண்டு எழுத்தாகச் சேர்கிறது. இரண்டையும் கூட்டினால் 100க்கு சுமார் 37 அதிகம். 100 கிலோ சரக்குக்கு 37 கிலோ சாக்கு என்றால் எந்த வியாபாரியும் மயங்கி விழுவார். மின்னஞ்சலில் இதுதான் நிலைமை.

நம் கவரைப்பேட்டை நண்பரின் 9 எம்பி, வழியில் 12 எம்பிக்கு மேல் ஆகி விட்டது. பத்துக்கு மேல் ஏற்காத வாசலில் அது எப்படி நுழையும்?

இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். பல நிறுவனங்கள் சொந்த சர்வர் வைத்திருக்கின்றன. ‘போஸ்ட்ஃபிக்ஸ்’ என்பது உலகம் முழுவதும் பரவலாகப் பயன்படும் ஒரு சர்வர் மென்பொருள். யாரும் மாற்றாமல் விட்டால், ஒரு மின்னஞ்சல் 1,02,40,000 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அதில் உள்ள ஏற்பாடு. ஏறத்தாழ 10 எம்பி. ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைத்து அனுப்பலாம். ஆனால் நம் பக்கத்து வாசல் 25 அடி அகலம் இருந்து பயன் என்ன? வாங்குபவர் பக்கத்து வாசல் 10 அடி என்றால் வண்டி அங்கே நின்று விடும்.

கணக்கு எளிது. வாங்குபவர் சொல்லும் அளவில் பத்தில் ஏழு பங்கை மட்டும் நிரப்புங்கள். பத்து என்றால் ஏழு. இருபது என்றால் பதினான்கு. அளவே தெரியாவிட்டால் ஐந்து எம்பிக்குள் முடித்துக் கொள்வது உத்தமம்.

எடையைக் குறைப்பது எப்படி?

கைபேசியில் வெறுமனே படம் எடுத்தால் ஒரு தாளே பல எம்பி ஆகலாம். அதே தாளை ஸ்கேன் செய்யும் செயலியில் கருப்பு வெள்ளையாக, பிடிஎஃப் கோப்பாகச் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கேபியில் அடங்கி விடும். எழுத்துத் தெளிவாகவும் இருக்கும். விலைப் பட்டியலைத் தாளில் எழுதிப் படம் எடுப்பதை விட, கம்ப்யூட்டரிலேயே தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கினால் எடை இன்னும் குறைவு.

‘ஜிப்’ செய்து சுருக்கினால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கைபேசிப் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அழுத்திக் கட்டிய பஞ்சு மூட்டையை மறுபடி அழுத்துவது போல, அதனால் பெரிய பயன் இருக்காது.

சரக்குப் படங்கள், வீடியோ போன்ற பெரிய கோப்பை இணைக்கவே வேண்டாம். கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஏற்றி வைத்து, அதன் இணைப்பு முகவரியை மட்டும் எழுதி அனுப்பலாம். இது கிடங்கில் சரக்கை வைத்து விட்டு டெலிவரி ஆர்டரைக் கொடுப்பது போல. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, யார் திறக்கலாம் என்ற அனுமதியைச் சரியாகக் கொடுக்க வேண்டும். பூட்டி வைத்து விட்டால் வாங்குபவருக்குத் திறக்காது. எல்லோருக்கும் திறந்து விட்டால், அந்த முகவரி கிடைத்த எவரும் உங்கள் விலையைப் படிப்பார். இரண்டு, சில தொழிற்சாலைகளில் வெளி இணைப்புகளைத் திறக்க விடுவதில்லை. முன்கூட்டிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

உறை வேறு, கடிதம் வேறு

இனி முகவரிக்கு வருவோம். மின்னஞ்சல் எழுதும் திரையில் மேலே மூன்று கட்டங்கள் இருக்கும்: டு, சிசி, பிசிசி. இதில் சிசி என்பது நமக்குப் பழக்கமான ஒன்றுதான். பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதுகிறோமே, அந்த ‘கார்பன் காப்பி’யின் சுருக்கம்தான் அது. யாருக்காக எழுதுகிறோமோ அவர் பெயர் டு கட்டத்தில். தகவலுக்காக நகல் பெறுபவர் பெயர் சிசி கட்டத்தில். யாருக்கும் தெரியாமல் நகல் பெறுபவர் பெயர் பிசிசி கட்டத்தில்.

பிசிசி எப்படி மறைகிறது? தபாலில் உறையின் மேல் ஒரு முகவரி எழுதுகிறோம். உள்ளே கடிதத்தின் தலைப்பிலும் ‘பெறுநர்’ என்று எழுதுகிறோம். தபால்காரர் பார்ப்பது உறையை மட்டும். உறை கிழிபட்டுப் போகும். கடிதம்தான் வாங்குபவர் கையில் நிற்கும். மின்னஞ்சலிலும் அப்படியே. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் முதலில், “இன்னாரிடமிருந்து, இன்னின்னாருக்கு” என்று சொல்லும். அதுதான் உறை. பிறகு கடிதத்தைக் கொடுக்கும். டு, சிசி பெயர்கள் உறையிலும் இருக்கும், கடிதத்தின் தலைப்பிலும் இருக்கும். பிசிசி பெயர்கள் உறையில் மட்டும் இருக்கும். ஆகவே அஞ்சல் அவர்களுக்குப் போய்ச் சேரும், ஆனால் மற்றவர்கள் கண்ணில் பெயர் படாது.

வாட்ஸ்அப் பயன்படுத்துவோருக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். டு கட்டத்தில் நாற்பது பேரைப் போடுவது குரூப்பில் செய்தி போடுவது போல. எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பிசிசியில் போடுவது பிராட்காஸ்ட் போல. ஒவ்வொருவருக்கும் தனியாக வந்தது போல இருக்கும்.

வாடிக்கையாளர் பட்டியல் என்பது சொத்து

செங்குன்றத்து அரிசி மண்டிக்காரர் ஒருவர் புது விலைப் பட்டியலைத் தம் அறுபது சில்லறைக் கடைக்காரர்களுக்கும் ஒரே தடவையில், டு கட்டத்தில் போட்டு அனுப்புகிறார் என்று வையுங்கள். பொன்னேரியிலும் ஊத்துக்கோட்டையிலும் திருவள்ளூரிலும் பல ஆண்டுகள் அலைந்து பிடித்த அறுபது வாடிக்கையாளரின் முகவரியும் ஒரே தாளில் அறுபது பேர் கைக்கும் போய் விட்டது. அதில் ஒருவர் அதைப் போட்டி மண்டிக்கு அனுப்பினால் போதும். கல்லாவைத் திறந்து வைத்து விட்டுச் சாப்பிடப் போனதற்கு இது சமம்.

இந்தத் தவறு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2015இல் லண்டனில் ஒரு பாலியல் நல மருத்துவமனை தன் செய்தி மடலைச் சுமார் 780 பேருக்கு அனுப்பியபோது, பிசிசிக்குப் பதில் டு கட்டத்தில் முகவரிகளைப் போட்டு விட்டது. பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் எச்.ஐ.வி. சிகிச்சை பெறுபவர்கள். யார் யார் என்பது ஒருவருக்கொருவர் தெரிந்து போயிற்று. அந்த மருத்துவமனையை நடத்தும் அமைப்புக்கு 2016இல் 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். நம் நாட்டிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. வாடிக்கையாளர் நம்மிடம் கொடுத்த முகவரியும் கைபேசி எண்ணும் அவருடைய தகவல். நாம் அதைப் பாதுகாக்கக் கடமைப்பட்டவர்கள்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் இது பொருந்தும். மே 5 வணிகர் தின அழைப்பிதழை உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பும்போது டு கட்டத்தில் சங்கத்தின் சொந்த முகவரியைப் போடுங்கள். உறுப்பினர் முகவரிகளை பிசிசி கட்டத்தில் போடுங்கள். இலவச ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. பெரிய சங்கங்கள் ஐம்பது, நூறு பேராகப் பிரித்து அனுப்புவது நல்லது.

‘அனைவருக்கும் பதில்’ என்னும் பொத்தான்

ஒரு கேன்டீன் நிர்வாகி ஐந்து மளிகைக்காரர்களிடம் விலை கேட்டு, ஐவர் முகவரியையும் டு கட்டத்தில் போட்டு அனுப்புகிறார். அதில் ஒருவர் அவசரத்தில் ‘அனைவருக்கும் பதில்’ என்ற பொத்தானை அழுத்தி, துவரம் பருப்பின் கடைசி விலையை எழுதி அனுப்பி விடுகிறார். மற்ற நால்வரும் அதைப் பார்த்து விட்டுக் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைத்துக் கொடுத்தால் யாரை நோவது? விலை எழுதும் மின்னஞ்சலில் ‘பதில்’ என்பதை மட்டுமே அழுத்த வேண்டும். அழுத்தும் முன் மேலே உள்ள பெயர்களை விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

பிசிசியில் நகல் பெற்றவர் ‘அனைவருக்கும் பதில்’ கொடுத்தால் இன்னொரு சங்கடம். மறைந்திருந்தவர் தாமாகவே வெளியே வந்து விடுவார். ஆகவே பங்குதாரருக்கோ ஆடிட்டருக்கோ நகல் தேவையென்றால், அனுப்பிய பிறகு அந்த அஞ்சலைத் தனியாக அவருக்கு மறு அனுப்புதல் செய்வதே பாதுகாப்பு.

இந்தப் பொத்தான் சர்வரையே படுக்க வைத்த கதையும் உண்டு. 1997இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் சுமார் 13,000 ஊழியர் பெயர் அடங்கிய ஒரு பட்டியலுக்கு ஒருவர், “என்னை இதிலிருந்து நீக்குங்கள்” என்று எழுதினார். உடனே பலர், “என்னையும் நீக்குங்கள்” என்று அனைவருக்கும் பதில் போட்டார்கள். ஒவ்வொரு பதிலும் 13,000 பேருக்கும் போனது. அத்தனை பெயரின் பட்டியலையும் ஒவ்வொரு அஞ்சலும் சுமந்தது. கணக்குப் பார்த்தபோது சுமார் ஒன்றரைக் கோடி அஞ்சல்கள். மென்பொருள் செய்பவர்களுக்கே இந்தக் கதி.

எடையும் ஆள் எண்ணிக்கையும் சேரும்போது இதுதான் நடக்கும். 7 எம்பி கோப்பை நாற்பது பேருக்கு அனுப்பினால் சாக்கோடு சேர்த்து ஒவ்வொரு பெட்டியிலும் 9 எம்பிக்கு மேல். நாற்பது பெட்டியிலும் சேர்த்து ஏறத்தாழ 380 எம்பி. விலைப் பட்டியலைப் படமாக அனுப்பாமல் கடிதத்திலேயே எழுத்தாக அனுப்பினால் இதில் நூறில் ஒரு பங்கு கூட ஆகாது.

திரும்பி வந்த அஞ்சலைப் படிக்கும் முறை

‘மெயிலர் டீமன்’ என்பது ஆள் அல்ல, விளம்பரமும் அல்ல. அஞ்சலைக் கொடுக்க முடியவில்லை என்று சர்வர் எழுதும் கடிதம் அது. அதில் ஆங்கிலம் எவ்வளவு இருந்தாலும் எண்களை மட்டும் தேடுங்கள்.

மூன்று இலக்க எண் 5 என்று தொடங்கினால் முடிவாக மறுத்து விட்டார்கள். நாம் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். 4 என்று தொடங்கினால் தற்காலிகத் தடங்கல். சர்வர் தானாகவே மறுபடி முயலும்.

பக்கத்தில் புள்ளி வைத்த இன்னொரு எண் இருக்கும்.
5.1.1 என்றால் அந்த முகவரியில் ஆள் இல்லை. எழுத்துப் பிழையைப் பாருங்கள்.
5.2.2 என்றால் அவர் பெட்டி நிரம்பி விட்டது, போனில் சொல்லுங்கள்.
5.2.3 அல்லது 5.3.4 என்றால் அஞ்சல் அளவுக்கு மேல் பெரியது, எடையைக் குறையுங்கள்.

தற்காலிகத் தடங்கலில் ஓர் ஆபத்து இருக்கிறது. சர்வர் நான்கைந்து நாள் வரை முயன்று பார்த்து விட்டு, அதன் பிறகே ‘முடியவில்லை’ என்று சொல்லலாம். அதற்குள் டெண்டர் தேதி போய் விடும். ஆகவே கடைசி நாளில், கடைசி மணியில் அனுப்பும் பழக்கத்தை விட வேண்டும்.

சட்டமும் நாம் அனுப்பிய நேரத்தை மட்டும் பார்ப்பதில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13ஆவது பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், வாங்குபவர் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தெரிவித்திருந்தால், அந்த முகவரிக்குரிய கணினி அமைப்புக்குள் அஞ்சல் நுழையும் நேரமே பெறப்பட்ட நேரம். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட அஞ்சல் நுழைந்ததாகாது. “நான் நாலு மணிக்கே அனுப்பி விட்டேன்” என்று வாதாடினால் அது எடுபடுவது கடினம்.

கல்லாப் பெட்டி அருகே எழுதி வைக்க வேண்டியவை

1. அனுப்பும் முன் வாங்குபவரிடம் இரண்டு கேள்வி: எத்தனை எம்பி வரை ஏற்பீர்கள்? எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்?
2. அவர் சொன்ன அளவில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் இணைக்கக் கூடாது.
3. முக்கியமான விலையைக் கடிதத்திலும் எழுத்தாக எழுதுங்கள். இணைப்புத் திறக்காவிட்டாலும் விலை தெரியும்.
4. பலருக்கு அனுப்பும்போது பிசிசி மட்டும்.
5. விலை எழுதும்போது ‘அனைவருக்கும் பதில்’ வேண்டாம்.
6. அனுப்பிய பத்து நிமிடம் கழித்துப் பெட்டியைத் திறந்து, ஏதேனும் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.
7. கடைசியாக ஒரு போன்: “கொட்டேஷன் வந்ததுங்களா, திறக்குதுங்களா?” முடிந்தால் ‘கிடைத்தது’ என்று ஒரு வரி பதில் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அதுதான் நமக்கு ரசீது.

1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட நகரங்களில் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் தந்தபோது, வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு எம்பி போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். அதனால் எல்லோரும் எடையைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். இன்று வேகம் எவ்வளவோ கூடி விட்டது. ஆனால் வாங்குபவர் வாசலில் தராசு அப்படியே இருக்கிறது.

கடையில் மின்னஞ்சல் பார்க்கும் வேலையைப் பெரும்பாலும் பிள்ளைகளிடமோ கணக்கு எழுதுபவரிடமோ விட்டிருக்கிறோம். இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பெட்டியைத் திறந்து, ‘மெயிலர் டீமன்’ பெயரில் படிக்காமல் கிடக்கும் கடிதம் ஏதும் இருக்கிறதா என்று இன்றே ஒரு தடவை பார்த்து விடுங்கள்.